விக்டோரிஸ்: எந்த எஞ்சின் யாருக்குக் கட்டுப்படியாகும்?

2025 செப்டம்பர் 3 அன்று மாருதி சுசூகி தன் புதிய எஸ்யுவியான விக்டோரிஸை வெளியே காட்டியது. அதே நாளில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் கார்களுக்கான வரியை மாற்றியது. செப்டம்பர் 15-ல் விலை வந்தது: எக்ஸ்-ஷோரூம் (சாலை வரியும் காப்பீடும் சேராத விலை) 10.50 லட்சத்தில் தொடங்கி 19.99 லட்சம் வரை. செப்டம்பர் 22-ல் புதிய வரி நடைமுறைக்கு வந்தது, அன்றே விற்பனையும் தொடங்கியது. ஆகவே இந்த வண்டிக்குப் பழைய வரி விலை என்று ஒன்று கிடையாது. விலைப்பட்டியல் முழுவதும் 40 விழுக்காடு ஜிஎஸ்டியை வைத்தே போடப்பட்டது.

பட்டியலைக் கையில் வாங்கியதும் யாருக்கும் தலை சுற்றும். ஒரே உடம்பு, 4,360 மில்லிமீட்டர் நீளம். அதில் பெட்ரோல் மேனுவல், பெட்ரோல் ஆட்டோமேட்டிக், ஆட்டோமேட்டிக்குடன் நான்கு சக்கர இயக்கம், ஸ்ட்ராங் ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினோடு மின் மோட்டாரும் வண்டியை ஓட்டும் வகை), சிஎன்ஜி. வேரியண்ட் பெயர்களோ எல்எக்ஸ்ஐ, விஎக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ, இசட்எக்ஸ்ஐ ஓ, இசட்எக்ஸ்ஐ பிளஸ், இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஓ என்று ஆறு. ஷோரூமுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி “எது அதிக மைலேஜ் கொடுக்கும்?” என்பது. அதற்குப் பதில் விளக்கத்தாளிலேயே இருக்கிறது: ஹைபிரிட், லிட்டருக்கு 28.65 கிலோமீட்டர். கேட்கவேண்டிய கேள்வி வேறு. ஹைபிரிட்டுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் எத்தனை கிலோமீட்டரில் திரும்பி வரும், அந்தக் கிலோமீட்டர்கள் எந்தச் சாலையில் ஓடவேண்டும்? இதற்கு விளக்கத்தாள் பதில் சொல்லாது. அதை மட்டும் நம்பிக் கணக்குப் போட்டால் தவறான விடைதான் கிடைக்கும். ஏன் என்று விரிவாகப் பார்ப்போம்.

விலையின் படிக்கட்டு

இங்கே சொல்பவை எல்லாம் அறிமுக விலைகள், எக்ஸ்-ஷோரூம். விலை கூடலாம், குறையலாம். வேரியண்டுகளுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

மேனுவலில் எல்எக்ஸ்ஐ 10.50 லட்சம், விஎக்ஸ்ஐ 11.80, இசட்எக்ஸ்ஐ 13.57, இசட்எக்ஸ்ஐ பிளஸ் 15.24. ஆட்டோமேட்டிக் விஎக்ஸ்ஐயில்தான் தொடங்குகிறது: 13.36 லட்சம். இசட்எக்ஸ்ஐ ஆட்டோமேட்டிக் 15.13. மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாற இரண்டு இடத்திலும் 1.56 லட்சம். இது டார்க் கன்வெர்ட்டர் வைத்த 6 கியர் பெட்டி. கிளட்சைத் தானே அழுத்திவிடும் ஏஎம்டி ரகம் இல்லை. அதனால்தான் இவ்வளவு விலை.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டும் விஎக்ஸ்ஐயிலேயே கிடைக்கிறது என்பது இந்தப் பட்டியலின் நல்ல அம்சம். விஎக்ஸ்ஐ 16.38, இசட்எக்ஸ்ஐ 17.80, இசட்எக்ஸ்ஐ பிளஸ் 19.47, உச்சியில் இசட்எக்ஸ்ஐ பிளஸ் ஓ 19.99. 2022 செப்டம்பரில் இதே இயந்திரத்தோடு கிராண்ட் விட்டாரா வந்தபோது ஹைபிரிட் வேண்டுமென்றால் மேல்தட்டான இசட்டா பிளஸுக்குத்தான் போகவேண்டும், விலை 17.99 லட்சம். பெரிய திரையும் தோல் இருக்கையும் வேண்டாம், இயந்திரம் மட்டும் போதும் என்றவர்களுக்கு அன்று வழியில்லை.

சிஎன்ஜி எல்எக்ஸ்ஐ 11.50, விஎக்ஸ்ஐ 12.80, இசட்எக்ஸ்ஐ 14.57. மேனுவல் மட்டும்தான். மேனுவல் பெட்ரோலைவிடச் சரியாக ஒரு லட்சம் அதிகம். நான்கு சக்கர இயக்கம் இசட்எக்ஸ்ஐ பிளஸிலும் பிளஸ் ஓவிலும் மட்டும்: 18.64, 19.22.

“ஓ” என்ற எழுத்துக்கு ஏறக்குறைய 50 முதல் 60 ஆயிரம். அதில் முக்கியமாகக் கிடைப்பது பெரிய கண்ணாடிக் கூரை. நம் ஊர் வெயிலில் அந்தக் கூரையின் திரை ஆண்டில் பத்து மாதம் மூடியே இருக்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டால் வாங்கிக்கொள்ளலாம். வேண்டாமென்று விட்டால் எஞ்சினிலோ பாதுகாப்பிலோ எதுவும் குறையாது. 6 ஏர்பேக்கும், வண்டி வழுக்கிப் போகாமல் காக்கும் இஎஸ்பியும் அடிப்படை எல்எக்ஸ்ஐயிலேயே இருக்கின்றன. பாரத் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் 32-க்கு 31.66 புள்ளி, மொத்தத்தில் 5 நட்சத்திரம்.

“ஹைபிரிட்” என்ற ஒரே சொல், இரண்டு வண்டிகள்

கொட்டேஷனில் பெட்ரோல் வண்டியின் பெயரிலேயே “ஸ்மார்ட் ஹைபிரிட்” என்று இருக்கும். இதைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது மைல்டு ஹைபிரிட். 1,462 சிசி, நான்கு சிலிண்டர், 103 பிஎஸ் (குதிரைத்திறன்) பெட்ரோல் எஞ்சினோடு பெல்ட்டில் இணைந்த ஒரு சிறிய மின் இயந்திரம் இருக்கும். வழக்கமான ஆல்டர்னேட்டரும் ஸ்டார்ட்டரும் செய்யும் வேலையை அது செய்யும், சிக்னலில் எஞ்சினை நிறுத்திச் சத்தமில்லாமல் மறுபடி கிளப்பும், வேகமெடுக்கும்போது சிறிது தள்ளிவிடும். மின்சாரத்தால் மட்டும் வண்டியை ஓட்ட அதனால் முடியாது.

ஸ்ட்ராங் ஹைபிரிட் முற்றிலும் வேறு. டொயோட்டாவின் தொழில்நுட்பம், அர்பன் குரூசர் ஹைரைடரிலும் கிராண்ட் விட்டாராவிலும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பது. 1,490 சிசி, மூன்று சிலிண்டர், எரிபொருளை மிச்சப்படுத்தும் அட்கின்சன் சுழற்சியில் இயங்கும் எஞ்சின்; அதோடு 80 பிஎஸ் மின் மோட்டார்; இரண்டும் சேர்ந்து 116 பிஎஸ். நடுவில் இருக்கும் இ-சிவிடி என்ற கியர் அமைப்பில் பெல்ட்டும் கப்பியும் கிடையாது. ஒரு கோள் பற்சக்கரத் தொகுதிதான் எஞ்சின் சக்தியைச் சக்கரத்துக்கும் ஜெனரேட்டருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கிளட்ச் இல்லை, தனி ஸ்டார்ட்டர் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. தேய்ந்துபோகும் பாகங்கள் சாதாரண ஆட்டோமேட்டிக்கைவிடக் குறைவு. ஹைபிரிட் என்றால் சிக்கலானது, ரிப்பேர் வந்தால் தொலைந்தோம் என்று பரவலாக ஒரு பயம் இருக்கிறது. இந்த அமைப்பைப் பொறுத்தவரை அந்தப் பயத்துக்கு ஆதாரம் இல்லை. உயர் மின்னழுத்த பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதமும் உண்டு.

சோதனைக்கூட மைலேஜ் எங்கே பொய்க்கிறது

விளக்கத்தாள் தரும் எண்கள்: மேனுவல் 21.18, ஆட்டோமேட்டிக் 21.06, நான்கு சக்கரம் 19.07, ஸ்ட்ராங் ஹைபிரிட் 28.65 கிலோமீட்டர் லிட்டருக்கு. சிஎன்ஜி கிலோவுக்கு 27.02. பெட்ரோல் லிட்டர் ரூ. 101, சிஎன்ஜி கிலோ ரூ. 91 என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு ஆட்டோமேட்டிக்குக்கு ரூ. 4.80, ஹைபிரிட்டுக்கு ரூ. 3.53. மிச்சம் ரூ. 1.27. இசட்எக்ஸ்ஐயில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் 2.67 லட்சம், தமிழ்நாட்டுச் சாலை வரியையும் சேர்த்தால் 3.15 லட்சம். வகுத்துப் பார்த்தால் சுமார் 2,48,000 கிலோமீட்டர் ஓடினால்தான் போட்ட பணம் திரும்பும். இதோடு கணக்கை முடித்துக்கொண்டு “ஹைபிரிட் வீண்” என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இந்த எண்கள் எப்படி வந்தன என்று பார்த்தால் பிழை புரியும். வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, எம்ஐடிசி என்ற ஓட்டச் சுழற்சியில் 1,180 விநாடி ஓட்டுகிறார்கள். நகரப் பகுதி என்பது 195 விநாடி கொண்ட ஒரே ஓட்டத்தை நான்கு முறை திரும்பச் செய்வது. அதில் உச்ச வேகம் 50. நெடுஞ்சாலைப் பகுதியில் உச்சம் 90. நகரப் பகுதியில் நின்ற இடத்திலிருந்து 50-ஐ எட்ட 26 விநாடி எடுத்துக்கொள்வார்கள். அண்ணா சாலையில் அப்படி நகர்ந்தால் பின்னால் வரும் எம்டிசி பேருந்து ஓட்டுநர் ஹாரனை விடவே மாட்டார். இன்னொன்று, சோதனையில் ஏசி ஓடாது. நகரப் பகுதியின் நேரத்தில் ஏறக்குறைய 30 விழுக்காடு வண்டி நின்றுகொண்டே இருக்கும்.

கடைசி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். மைல்டு ஹைபிரிட்டின் மிகப் பெரிய வரப்பிரசாதம் நிற்கும்போது எஞ்சினை அணைப்பதுதான். சோதனையில் ஏசி இல்லை, எனவே ஒவ்வொரு நிறுத்தத்திலும் எஞ்சின் அணைந்தே இருக்கும். 21 என்ற எண் கிடைக்கும். சென்னையில் மே மாதம் ஏசி இல்லாமல் யார் ஓட்டுவார்கள்? இந்த பெட்ரோல் எஞ்சினில் ஏசி கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுகிறது. எஞ்சின் நின்றால் கம்ப்ரசரும் நின்றுவிடும். உள்ளே சூடு ஏறத் தொடங்கியதும் வண்டி தானாகவே எஞ்சினைக் கிளப்பிவிடும், அல்லது அணைக்கவே அணைக்காது. சோதனைக்கூடத்தில் கிடைத்த அந்த மிச்சம் கத்திப்பாரா சந்திப்பில் காணாமல் போகிறது.

ஸ்ட்ராங் ஹைபிரிட்டில் ஏசி கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடும். எஞ்சின் அணைந்திருந்தாலும் குளிர் வரும். பேட்டரி இறங்கும்போது எஞ்சின் சிறிது நேரம் ஓடிச் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி அடங்கும். நெரிசலில் ஊர்ந்து போவது மோட்டாரின் வேலை. பிரேக்கை மிதிக்கும்போது, மற்ற வண்டிகளில் சூடாகப் போய்விடும் ஆற்றலில் ஒரு பங்கு பேட்டரிக்குத் திரும்புகிறது. அடிக்கடி நின்று கிளம்பும் சாலையில்தான் இந்த அமைப்பு தன் வேலையைக் காட்டும்.

விளைவு: நகர நெரிசலில் இரண்டு வண்டிகளின் மைலேஜும் குறையும். ஆனால் ஒரே அளவில் குறையாது. 1.5 லிட்டர் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஏசியோடு நகரத்தில் 11 அளவுக்கு இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். விளக்கத்தாளில் ஏறக்குறைய பாதி. ஹைபிரிட்டுக்கு 20 என்று வைக்கலாம். வலது காலை மென்மையாக வைப்பவர்கள் இதைவிட நன்றாகவே எடுப்பார்கள். இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். ஆட்டோமேட்டிக் கிலோமீட்டருக்கு ரூ. 9.18, ஹைபிரிட் ரூ. 5.05. மிச்சம் ரூ. 4.13. அந்த 3.15 லட்சம் 76,000 கிலோமீட்டரில் திரும்பிவிடும். காகிதத்தில் 2,48,000, சாலையில் 76,000. விளக்கத்தாளை நம்பினால் ஹைபிரிட்டின் லாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் கண்ணில் படுகிறது.

நெடுஞ்சாலைக்குப் போனால் நிலைமை தலைகீழ். சென்னையிலிருந்து திருச்சிக்குச் சீராக 95-ல் போகிறீர்கள் என்றால் பிரேக்குக்கு வேலை குறைவு, மீட்க ஆற்றல் இல்லை, எஞ்சின் பெரும்பாலும் ஓடிக்கொண்டே இருக்கும். ஆட்டோமேட்டிக் 16, ஹைபிரிட் 21 என்று வைத்தால் மிச்சம் கிலோமீட்டருக்கு ரூ. 1.50 மட்டும். அந்த ஓட்டத்தில் 3.15 லட்சம் திரும்ப 2,10,000 கிலோமீட்டர் ஆகும். வாரநாளெல்லாம் வீட்டில் நிற்கும் வண்டி, மாதத்தில் ஒருமுறை ஊருக்குப் போய் வருவது மட்டும்தான் ஓட்டம் என்பவருக்கு ஹைபிரிட் பண லாபம் தராது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது.

மலைப்பாதை இன்னொரு விதிவிலக்கு. இந்த ஹைபிரிட் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 0.76 கிலோவாட் மணி. ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டியை அந்த ஆற்றல் முழுவதையும் ஒரு துளி இழப்பில்லாமல் பயன்படுத்தித் தூக்கினாலும் 175 மீட்டர் உயரத்துக்கு மேல் போகாது. பேட்டரியை முழுதாக வடிய விடவும் அமைப்பு அனுமதிக்காது. கைக்குக் கிடைப்பது அதில் பாதி அளவுதான் என்று வையுங்கள். கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனவே ஏற்றத்தின் தொடக்கத்திலேயே பேட்டரி தன் பங்கை முடித்துக்கொள்ளும். மீதி முழுவதும் மூன்று சிலிண்டர் எஞ்சினின் தோளில். முழுச் சுமையோடு ஏறும்போது எஞ்சின் ஒரே உச்ச ஸ்தாயியில் இரைந்துகொண்டே வரும். பழுது என்று பயப்பட வேண்டாம், இ-சிவிடியின் இயல்பு அது. இறங்கும்போது நேர் எதிர்: சில நிமிடங்களிலேயே பேட்டரி நிரம்பிவிடும், அதற்குமேல் மோட்டாரால் வண்டியைப் பிடித்து நிறுத்த முடியாது. அப்போது கியர் லிவரை “B” நிலைக்கு (பார்க்கிங்குக்கான “P” அல்ல) தள்ளி எஞ்சினைக் கொண்டு வேகத்தைக் கட்டுப்படுத்தவேண்டும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் சூடேறி மிதி மெத்தென்று ஆகிவிடும். மலையோரத்தில் குடியிருப்பவர்கள் டெலிவரி எடுக்கும் அன்றே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

வரி தின்னும் பங்கு

2.67 லட்ச வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தால் மனசு சங்கடப்படும். 40 விழுக்காடு ஜிஎஸ்டி போக உண்மையான பொருள் வித்தியாசம் 1.91 லட்சம். ஜிஎஸ்டி 76,000. அதன் மேல் தமிழ்நாட்டுச் சாலை வரி 18 விழுக்காடு, 48,000. ஆக 3.15 லட்சத்தில் 1.24 லட்சம் வரிதான். பழைய முறையில் இந்த அளவுள்ள மைல்டு ஹைபிரிட் பெட்ரோலுக்கு 45, ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கு 43 என்று செஸ்ஸோடு சேர்த்து வரி இருந்தது. இரண்டு புள்ளிதான் என்றாலும் ஹைபிரிட்டுக்கு ஒரு சலுகை. இப்போது இரண்டுக்கும் 40. மின்சாரக் காருக்கு 5 விழுக்காடு மட்டும். நகரத்தில் பெட்ரோலை ஏறக்குறைய பாதியாகக் குறைக்கும் ஒரு வண்டியைச் சாதாரண பெட்ரோல் வண்டியோடு ஒரே தட்டில் வைத்தது சரியான கொள்கை என்று என்னால் ஏற்க முடியவில்லை. 2024 ஜூலையில் உத்தரப் பிரதேச அரசு ஸ்ட்ராங் ஹைபிரிட்டுகளுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. நம் மாநிலத்தில் அப்படி இல்லை.

தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் புதிய காருக்கான வாழ்நாள் வரி விலையைப் பொறுத்து நான்கு படிகள்: 5 லட்சம் வரை 12 விழுக்காடு, 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்குமேல் 20. இதில் 10 லட்ச எல்லைதான் பெரிய பள்ளம். 9.99 லட்ச வண்டிக்கு வரி 1.30 லட்சம், 10.50 லட்சத்து எல்எக்ஸ்ஐக்கு 1.89 லட்சம். எக்ஸ்-ஷோரூமில் 51,000 வித்தியாசம், சாலை வரியும் சேரும் ஆன்ரோடு விலையில் 1.10 லட்சமாகிவிடும். உச்சியில் இருக்கும் 19.99 லட்ச வண்டிக்கு 3.60 லட்சம், விலை சற்றே கூடி 20 லட்சத்தைத் தாண்டினால் 4 லட்சத்துக்கு மேல். எனவே விலை ஏற்றச் செய்தி வந்தால் உச்ச வேரியண்டுக்குப் புக் செய்திருப்பவர்கள் உடனே கணக்கைச் சரிபார்க்கவேண்டும். வண்டி பில் ஆகும் நாளின் விலைதான் செல்லும், புக் செய்த நாளின் விலை செல்லாது.

10 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வண்டிக்கு 1 விழுக்காடு டிசிஎஸ் (விற்பவர் முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் வருமான வரி) பிடிப்பார்கள். அது செலவில்லை, உங்கள் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழிக்கலாம் அல்லது திரும்பப் பெறலாம். பான் எண்ணை பில்லில் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

கடனில் வாங்கினால்

ரொக்கத்துக்குப் போட்ட 76,000 கிலோமீட்டர் கணக்கு கடனுக்குப் பொருந்தாது. 3.15 லட்சத்தைக் கூடுதலாக 9 விழுக்காட்டில் 5 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் ரூ. 6,540, மொத்தம் 3.92 லட்சம். அப்போது பணம் திரும்பும் தூரம் 95,000 கிலோமீட்டர். இதையே வேறு விதமாகப் பார்ப்பது எளிது: மாதம் எத்தனை கிலோமீட்டர் நகரத்தில் ஓடினால் மிச்சமாகும் பெட்ரோல் காசு அந்தக் கூடுதல் தவணையைக் கட்டிவிடும்? சுமார் 1,580. அலுவலகம் போக வர, பள்ளிக்கூடம், கடை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 53 கிலோமீட்டர். தாம்பரத்திலிருந்து அம்பத்தூருக்கோ செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்கோ தினமும் போய் வருகிறவர் இதைத் தாண்டிவிடுவார். அவருக்கு ஹைபிரிட் முதல் மாதத்திலிருந்தே கையைக் கடிக்காது. நாளுக்கு 20 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குக் கடிக்கும்.

விஎக்ஸ்ஐயில் ஹைபிரிட் வித்தியாசம் 3.02 லட்சம், சாலை வரியோடு 3.56. திரும்பும் தூரம் 86,000. இசட்எக்ஸ்ஐயைவிட மோசம். ஆனால் கையிலிருந்து போகும் மொத்தப் பணம், சாலை வரியோடு, 1.68 லட்சம் குறைவு. வசதிகளில் ஆசை குறைவாக இருந்து, வண்டியைப் பத்து ஆண்டு வைத்து ஓட்டுவதாக இருந்தால் இந்த வரிசையில் என் தேர்வு விஎக்ஸ்ஐ ஹைபிரிட்தான்.

சிஎன்ஜியை ஒதுக்கிவிடாதீர்கள்

மேனுவல் ஓட்டுவதில் சிரமமில்லை என்பவர்களுக்குச் சிஎன்ஜி கணக்கு ஹைபிரிட்டைவிட நன்றாக இருக்கிறது. கூடுதல் விலை 1 லட்சம், சாலை வரியோடு 1.18. நகரத்தில் மேனுவல் பெட்ரோல் 13, சிஎன்ஜி கிலோவுக்கு 19 என்று வைத்தால் செலவு ரூ. 7.77-க்கு எதிராக ரூ. 4.79. 40,000 கிலோமீட்டரில் பணம் திரும்பிவிடும். ஹைபிரிட்டின் ரூ. 5.05-க்கும் இதற்கும் இடையில் 26 காசுதான் வித்தியாசம் என்பதைக் கவனியுங்கள். ஒரே ஓட்டச் செலவு, இசட்எக்ஸ்ஐயில் ஆன்ரோடு வித்தியாசம் 3.81 லட்சம்.

சிஎன்ஜி கார்களின் பழைய குறை டிக்கியை விழுங்கும் சிலிண்டர். விக்டோரிஸில் சிலிண்டரைக் காருக்கு அடியில் கொண்டுபோய்விட்டார்கள். டிக்கி முழுதாகக் கிடைக்கிறது. இதே குறை ஹைபிரிட்டில்தான் இப்போது இருக்கிறது, அங்கே பேட்டரி டிக்கித் தரையில் உட்கார்ந்திருக்கிறது. கிராண்ட் விட்டாராவில் பெட்ரோலுக்கு 373 லிட்டராக இருக்கும் டிக்கி ஹைபிரிட்டில் 265 ஆகச் சுருங்குவது இதனால்தான். இரண்டு பெரிய பெட்டிகளை வீட்டிலிருந்து கொண்டுபோய் வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சிஎன்ஜி வண்டியில் உதிரிச் சக்கரம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் கேளுங்கள்.

சிஎன்ஜியில் நிஜமான விலை நேரம். வரிசையில் நிற்கவேண்டும். அழுத்தம் 200 பாருக்குக் குறைவாக இருக்கும் பம்பில் சிலிண்டர் நிரம்பாது. வெயில் நேரத்தில் இன்னும் குறைவாக ஏறும். அதிகாலையில் போடுவது நல்லது. சிலிண்டரை 3 ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பவேண்டும். எரிவாயுவில் ஓடும்போது சக்தி 88 பிஎஸ் அளவுக்குக் குறையும். குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது பெட்ரோலுக்கு மாற்றிக்கொண்டால் நிம்மதி.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டோமேட்டிக்கைவிட லிட்டருக்கு 2 கிலோமீட்டர் குறைவு. காபித் தோட்டத்துச் சேற்றுப் பாதையில் வீடு இருப்பவர்கள் வாங்கலாம், மற்றவர்களுக்கு அந்தப் பணம் டயரில் போட்டால் போதும்.

கொட்டேஷனில் பார்க்கவேண்டியது

வரி வரியாகப் பிரித்து எழுதிய கொட்டேஷன் கேளுங்கள். “ஹேண்ட்லிங் சார்ஜ்”, “லாஜிஸ்டிக்ஸ்” என்று ஒரு வரி இருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். ஷோரூம் வரை வண்டி வந்து சேரும் செலவு எக்ஸ்-ஷோரூம் விலைக்குள்ளேயே அடங்கியது. காப்பீட்டை அவர்களிடமே எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் அரசு நிர்ணயித்த தொகை: 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள புதிய காருக்கு 3 ஆண்டுக்கு 2022-ல் அறிவித்த வீதம் ரூ. 10,640, ஜிஎஸ்டி தனி. ஹைபிரிட் வாகனத்துக்கு இதில் 7.5 விழுக்காடு கழிவு உண்டு, சுமார் ரூ. 800. சிறிய தொகைதான். ஆனால் பாலிசி போடுகிறவர் எரிபொருள் என்ற இடத்தில் வெறும் “பெட்ரோல்” என்று குறித்துவிட்டால் கழிவு போவதோடு, பின்னால் இழப்பீடு கேட்கும்போதும் கேள்வி வரும். ஆர்சி புத்தகத்தில் உள்ளபடியே பாலிசியிலும் இருக்கவேண்டும்.

ஆட்டோமேட்டிக்கையும் ஹைபிரிட்டையும் மேல் வேரியண்டுகளில் ஒப்பிடும்போது அடாஸ் (ஓட்டுநருக்கு உதவும் மின்னணு அமைப்பு) போன்ற வசதிகள் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பட்டியலை வரிசையாகப் பாருங்கள். வேரியண்ட் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே உள்ளே இருப்பதும் ஒன்று என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ஹைபிரிட் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பெரிய பேட்டரி எவ்வளவு நிரம்பியிருந்தாலும், வண்டியின் கணினிகளை எழுப்புவது சாதாரண 12 வோல்ட் பேட்டரிதான். ஒரு மாதம் வெளிநாடு போய் வந்தால் அது இறங்கியிருக்கலாம். பட்டனை அழுத்தினால் “ரெடி” விளக்கு எரியாது. பெரிய பேட்டரி போய்விட்டது என்று பதற வேண்டாம். 12 வோல்ட்டுக்கு ஜம்ப் (வேறொரு பேட்டரியிலிருந்து கம்பி போட்டு மின்சாரம்) கொடுத்தால் போதும். நிறுத்திவைக்கும் காலத்தில் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ரெடி நிலையில் வைத்தால் இந்தத் தொல்லையே வராது. ஆனால் ஹைபிரிட் வண்டியிலிருந்து இன்னொரு வண்டிக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள்.

வாங்கிய பிறகு மைலேஜை அளக்கும் விதத்திலும் பலர் தவறு செய்கிறார்கள். மீட்டரில் காட்டும் சராசரி பெரும்பாலும் சற்று தாராளமாகவே காட்டும். முதல் 1,000 கிலோமீட்டர் போகட்டும். டயர் காற்றைக் கதவோரத்து ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு, வண்டி குளிர்ந்திருக்கும்போது, வையுங்கள். ஒரே பம்பில், ஒரே இயந்திரத்தில், துப்பாக்கி தானாகக் கட் ஆகும் வரை நிரப்பி ட்ரிப் மீட்டரைச் சுழியமாக்குங்கள். கட் ஆன பிறகு ரூபாயைச் சரிக்கட்ட மேலும் அமுக்க விடாதீர்கள். குறைந்தது 400 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இடத்தில் மறுபடி கட் ஆகும் வரை நிரப்பி, ஓடிய தூரத்தை லிட்டரால் வகுக்கவேண்டும். 20 லிட்டர் நிரப்பும்போது ஒரு லிட்டர் முன்பின் ஆனாலே விடையில் 5 விழுக்காடு பிழை வந்துவிடும். அதனால் ஒருமுறை அளந்ததை வைத்து முடிவுகட்டாமல் தொடர்ந்து மூன்று முறை அளந்து, மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுங்கள். இப்போது பம்பில் வருவது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் ஒரு லிட்டருக்கான ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு அளவே. ஐந்தாறு ஆண்டுக்கு முன், எத்தனால் குறைவாகக் கலந்த பெட்ரோலில், பழைய காரில் எடுத்த மைலேஜோடு புதிய காரை ஒப்பிடும்போது இந்த இழப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.